படம் எடுக்க எழுந்து நின்ற நேரம்

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் பூண்டு போடும் தம்பி ஒருவர் கேட்டது இது. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்கக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருக்கிறார். மறுநாள் பாம்பனுக்குத் தெற்கே, தெரிந்தவர் ஒருவரின் ஃபைபர் படகில், எட்டு வயது மகளையும் சேர்த்து ஏழு பேராகக் கடல் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். போகப்போகப் படகின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கி 'டமால்' என்று விழ, பெண்கள் அலற, எல்லோரும் தொப்பலாக நனைந்து பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் படகு வழுக்குவதுபோல ஒருமுறை சாய்ந்ததாம். ஆனால் அதற்குள் பாலம் தெரிந்துவிட்டதால் பயம் போய், எல்லோரும் எழுந்து நின்று படம் எடுத்தார்களாம். படகு ஓட்டியவர் முழு நேரமும் சிரித்துக்கொண்டே இருந்தாராம். உண்மையிலேயே சாவுக்குப் பக்கத்தில் போய் வந்தோமா, அவர் ஏன் சிரித்தார், நீங்கள் இப்படி எப்போதாவது பயந்ததுண்டா என்று மூன்று கேள்விகள். கடைசியில் ஒரு வரி: மகள் இப்போது கொடைக்கானல் ஏரிப் படகில்கூட ஏற மாட்டேன் என்கிறாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரன். பதினாலு வயதிலிருந்து இருபத்தாறு வரை அப்பாவோடு வள்ளத்தில் போனேன். அப்புறம் படகு கட்டும் பட்டறையில் ஃபைபர் வேலை கற்றேன். அந்த வேலைதான் என்னை மலையேற்றியது. இப்போது கொடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியிருக்கிறேன். ஏரியிலும் விடுதிக் குளங்களிலும் ஓடும் படகுகளுக்கு ஒட்டுப் போடுவதும், தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் அடைப்பதும்தான் பிழைப்பு. ரெசின் நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. மீன் நாற்றத்துக்கு இது தேவலை என்பாள் என் மனைவி.

சரி, முதல் கேள்வி. ஆமாம் தம்பி, ஆபத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் வந்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் பயந்த இடத்தில் ஆபத்து குறைவு. பயம் தெளிந்து எழுந்து நின்றீர்களே, அங்கேதான் அது இருந்தது.

மூக்கு தூக்கியதை முதலில் பார்ப்போம். படகில் உட்கார்ந்தால் நம் கண் தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். கோக்கர்ஸ் வாக் மலைவிளிம்புப் பாதையில் நின்று மேகமில்லாத நாளில் சமவெளியை மைல் கணக்கில் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானமே மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில்தான். இரண்டு அலைக்கு நடுவே பள்ளத்தில் இறங்கினால் அதுவும் மறைந்துவிடும். ஒன்றரை மீட்டர் அலை வீட்டுச் சுவர் மாதிரி முன்னால் எழுந்து நிற்கும். 'பனை உயரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு இல்லை. ஒன்றரை மீட்டர், எப்போதாவது ஒரு அலை இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே போதும், ஈரக்குலை நடுங்க.

அலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் உயரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். நடுக்கடலில் பதினாறு நொடிக்கு ஒன்றாக வரும் பேரலை இருக்கிறதே, அதன் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு ஏறக்குறைய 400 மீட்டர். அது மூன்று மீட்டர் உயரம் இருந்தாலும் சின்னப் படகுக்கு அது ஒரு மேடு, அவ்வளவுதான். ஏறுவோம், இறங்குவோம், பேச்சுகூட நிற்காது. அதே காற்று பக்கத்திலேயே கிளப்பிவிடும் நாலு, ஐந்து நொடி அலைக்கு முகட்டுக்கு முகடு 25 முதல் 40 மீட்டர்தான். 28 அடிப் படகு ஒன்றிலிருந்து தலையெடுப்பதற்குள் அடுத்தது வந்து அறையும். செங்குத்துதான் படகுக்கு எதிரி. அதனால்தான் ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்று காலத்தில் உயரம் குறைந்த அலைகூட ஆளைப் புரட்டிவிடும்.

எதிரே வரும் அலைக்குப் படகு தன் பலமான பக்கத்தைக் காட்டி நிற்கிறது. படகின் முன்பக்கத்தை அணியம் என்போம். கூராகவும் உயரமாகவும் அதைச் செய்வதே அலையைப் பிளக்கத்தான். ஓட்டுகிறவர் வேகத்தைத் தணித்து, அலையை நேராக முட்டாமல் கொஞ்சம் சாய்வாக வாங்கினால் படகு சமாளித்துக்கொள்ளும். இடுப்பு ஒடியும், குமட்டும், பலகையில் முழங்கால் இடிக்கும், சேலை நனையும். கவிழ்வது அபூர்வம். உங்கள் வீட்டுப் பெண்கள் அலறிய அத்தனை நேரமும் படகு ஒழுங்காகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது கதை வேறு. ஆடி மாதம் அந்தப் பக்கம் அடிப்பது தென்மேற்குக் காற்று. எங்கள் ஊரில் கச்சான் என்போம். கரைக்குத் திரும்பினால் காற்றும் அலையும் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். சத்தம் குறையும், தண்ணீர் முகத்தில் தெளிக்காது, படகு சொகுசாக ஓடுவதுபோல இருக்கும். அப்பாடா என்று உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கி முன்னே தள்ளும்போது, அணியம் தண்ணீருக்குள் குத்திப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் சுழலப் பார்க்கும். சுக்கானுக்குப் பிடிமானம் போய்விடும். அரை நொடியில் படகு அலைக்குக் குறுக்கே கிடக்கும். அடுத்த அலை பக்கவாட்டில் வந்து தூக்கினால் கவிழ்ந்தது கவிழ்ந்ததுதான். நீங்கள் 'வழுக்கியது' என்று எழுதிய அந்த ஒரு வார்த்தை இதுதான். உங்கள் படகுக்காரர் சட்டென்று வேகத்தைக் குறைத்திருப்பார், அலை அடியில் ஓடிப் போயிருக்கும். கவனித்திருக்க மாட்டீர்கள்.

அதற்கு அப்புறம்தான் பாலம். பழைய பாலம் 1914-இல் திறந்தது, பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், நடுவே செங்குத்தாகத் தூக்கும் பகுதி. யாருக்குத்தான் படமெடுக்கத் தோன்றாது? ஏழு பேரில் ஆறு பேர் ஒரே பக்கம் எழுந்து நின்றீர்கள். ஆறு பேர் எடை என்றால் முந்நூற்றைம்பது கிலோவாவது இருக்கும், அது உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து நின்ற உயரத்துக்கு ஏறி, நடுவிலிருந்து ஓரத்துக்கும் போகிறது. இதோடு, காலடியில் கணுக்கால் அளவு தண்ணீர் கிடந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரை லேசாக எண்ணாதீர்கள். படகின் அடித்தளத்தில் ஆறு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஆழம் என்று போட்டுப் பாருங்கள்: முக்கால் டன். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஓடும். சாய்கிறவனை மேலும் தள்ளிவிடும் உறவுக்காரன் மாதிரி. அந்த நிமிடத்தில் இன்னொரு வழுக்கல் வந்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பீர்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஏன் சிரித்தார் என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. அவர் கடலைக் கண்டு பயந்திருக்க மாட்டார்; உங்களைக் கண்டு பயந்திருப்பார். படகு ஓட்டுகிறவன் முகம் மாறினால் ஏறியிருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அப்பா சொல்வார், சவாரி ஏற்றினால் பல்லைக் காட்டிக்கொண்டே ஓட்டு என்று. ஆனால் அவர்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மிதவைச் சட்டைகள் அணியத்துக்குள் வலைக்கு அடியில் கட்டாகக் கிடந்தன என்கிறீர்கள். கிடந்து என்ன பயன்? தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டிக்கொள்ள முடியாது. ஏழு பேருக்கும் கரையிலேயே மாட்டிவிட்டு, அப்புறம் சிரித்திருக்கலாம். ஆடி மாதம் ஏழு பேரை அந்தப் பக்கம் ஏற்றியிருக்கவும் கூடாது.

ராமேஸ்வரத்துக்காரர்கள் தீவின் இரண்டு பக்கத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், வடக்கே பாக் நீரிணை பெண் கடல். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தீவே மறைப்பாக நிற்பதால் வடபக்கம் தணிவாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் வடபக்கம் கொந்தளித்துத் தெற்கு அடங்கும். நீங்கள் அந்த மாதத்தில் போயிருக்க வேண்டியது பெண் கடலுக்கு. அதிலும் காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்குள் கரையேறியிருக்க வேண்டும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடலிலிருந்து காற்றை இழுக்கும். ஏற்கெனவே அடிக்கிற கச்சானோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். பத்தரைக்குக் கிளம்பினோம் என்று எழுதியிருக்கிறீர்கள், டிபன் சாப்பிட்டுவிட்டு!

இந்தக் கச்சான் உங்களுக்கு அந்நியமில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று உங்கள் தகரக் கொட்டகைக்குக் கல் வைக்கிறீர்களே, அதே காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று, அங்கெல்லாம் நெருக்கிப் பிதுங்கி வெளியே வரும்போது வேகம் கூடிவிடும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. கிழக்கே இறங்கி அது நேராக எங்கள் கடலில் விழும். இங்கே வந்த புதிதில், ஆனி மாத இரவுகளில் யூகலிப்டஸ் தோப்பில் அது புகுந்து இரைவதைக் கேட்டுப் பலமுறை எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். கரையில் அலை உடைகிற சத்தமேதான்.

நான் பயந்த கதைக்கு வருகிறேன். அலை பெரிதாக இருந்த நாளைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அன்றைக்கு அலை உங்கள் அலைக்கு மேலே இருந்திருக்காது.

எனக்குப் பதினேழு வயது. ஆனிக் கடைசி. அப்பா, மாமா, நான். இரவு வலை விட்டு, விடியற்காலம் இழுத்தோம். இரண்டு சீலா மீன், கொஞ்சம் பாறை மீன், அவ்வளவுதான். டீசல் காசுக்கும் காணாது. இன்ஜினைக் கிளப்பி இருபது நிமிடம் ஓடியிருக்கும், வயிற்றுக்குள் ஏதோ முறுக்கியதுபோல ஒரு முனகல், நின்றுவிட்டது. எங்கேயோ அறுந்து மிதந்து வந்த நைலான் கயிறு, தண்ணீருக்குள் சுழன்று வள்ளத்தைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டது. இப்போதைய ஃபைபர் படகில் விசிறி மாட்டிய நீளத் தண்டை வெளியே தூக்கிக் கயிற்றை அறுத்துவிடலாம். அன்றைய மர வள்ளத்தில் அது அடியோடு அடியாக இருக்கும். ஆள் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இன்ஜின் நின்ற வள்ளம் செய்யும் முதல் காரியம், அலைக்குக் குறுக்கே திரும்பிக் கிடப்பது. மாமா ஒரு வார்த்தை பேசாமல் மீதி வலையைச் சுருட்டிக் கட்டி, கயிற்றோடு அணியத்திலிருந்து கடலில் விட்டார். தண்ணீரைக் குடித்த வலை கனமாகி இழுத்துப் பிடிக்க, வள்ளத்தின் மூக்கு மெல்லக் காற்றுப் பக்கம் திரும்பியது. இதைப் பெரிய பாய்மரப் படகுக்காரர்கள் தனியாகத் துணியில் தைத்து வைத்திருப்பார்கள். எங்களுக்கு வலையே போதும். ஆட்டம் பாதியானது. ஆனால் மூக்கு காற்றைப் பார்த்தால் பின்பக்கம் ஏறி இறங்கும். அப்பா இறங்க வேண்டியது அங்கேதான்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். கத்தியை மணிக்கட்டில் சணலால் கட்டிக்கொண்டார். டார்ச்சை என் கையில் கொடுத்து, "அடியில இருந்து தட்டுவேன். தட்டுற சத்தம் கேட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம். கேக்கலைன்னா மாமாகிட்ட சொல்லு, நீ இறங்காத" என்றார். மூச்சுப் பிடித்து முங்கினார். டொக் டொக். வள்ளத்தின் பின்பக்கம் அலையில் ஒரு மீட்டர் தூக்கும்; டார்ச் வெளிச்சத்தில் விசிறியும் அதில் சுற்றிய பச்சைக் கயிறும் அப்பாவின் தலைமுடியும் ஒரு கணம் தெரியும். அப்புறம் இரண்டு டன் மரமும் இரும்பும் அதே இடத்தில் தடால் என்று இறங்கும். டொக் டொக். மேலே வந்து மூச்சு வாங்குவார். மறுபடி முங்குவார். மூன்று தடவை இப்படி.

நாலாவது தடவை தட்டவில்லை. நான் எண்ணினேன். இருபது வரை எண்ணுவதற்குள் கயிறு தொய்ந்து என் கையில் வந்தது. முப்பத்தொன்று வரை எண்ணியது ஞாபகமிருக்கிறது, மாமாவைக் கூப்பிட வாய் வரவில்லை. அப்போது வள்ளத்தின் மறுபக்கம் ஒரு கை வந்து விளிம்பைப் பிடித்தது. நெற்றியில் இரண்டு அங்குலம் கிழிந்து ரத்தம். ஏறி உட்கார்ந்ததும், "பீடி நனையாம இருக்கா?" என்றார். விடிந்து பார்த்தால் என் சட்டைக் காலரின் ஒரு முனையைக் காணோம். கடித்துத் துப்பியிருக்கிறேன், எனக்கே தெரியாது. இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டி, திறப்பதற்குள் தட்டுவதை நிறுத்திவிட்டால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

உடைகிற அலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களைக் கொண்டுபோனதில் பாதி கரைக்குப் பக்கத்தில்தான். ஆழத்தில் உருண்டுகொண்டிருக்கும் அலை, தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் நிற்க முடியாமல் தலைகுப்புற உடைகிறது. இரண்டு மீட்டர் அலை இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வையுங்கள். அப்படிப்பட்ட மணல்திட்டுதான் எங்கள் ஊர் முகத்துவாரத்தில் இருந்தது. வீட்டு விளக்கு தெரியும், வாசலில் அம்மா நிற்பதுகூடத் தெரியும். அங்கே வந்து அப்பா இன்ஜினைத் தணித்துவிட்டு, கரையைப் பார்க்காமல் கடலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கால் மணி நேரம்கூட. அலைகள் கூட்டமாக வரும். பெரியது நாலைந்து வரிசையாகப் போன பிறகு கொஞ்சம் ஓய்வு விடும். அந்த ஓய்வில் கடைசி அலையின் முதுகுக்குப் பின்னாலேயே, அதை முந்தாமல், அதற்குப் பிந்தாமல் உள்ளே போக வேண்டும். ஒருநாள் எங்களுக்கு முன்னால் வந்த வள்ளம் காத்திருக்கவில்லை. என் கண் முன்னால் அது குறுக்கே திரும்பி, ஒரு உருளையைப் போல இரண்டு சுற்றுச் சுற்றியது. நாலு பேரும் பிழைத்தார்கள், ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வீட்டிலிருந்து இருநூறு அடி தூரத்தில்.

தாத்தா காலத்துக் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை கம்மி. மரங்களைச் சேர்த்துக் கட்டியது, உள்ளே தண்ணீர் தேங்க இடமே இல்லை, கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்வார்கள். ஆங்கிலேயன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். இப்போது கேட்டமரான் என்று அவன் செய்யும் படகுக்கும் நம்முடையதற்கும் சம்பந்தமே கிடையாது.

படகு கவிழ்ந்தாலோ தண்ணீர் ஏறிவிட்டாலோ என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். படகை விட்டுவிடாதீர்கள். எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் சரி, கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் சரி. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி அயர்லாந்துப் பக்கத்து ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் பாய்மரப் போட்டியில் 303 படகுகள் புயலில் மாட்டிக்கொண்டன. போட்டியில் இருந்தவர்கள் 15 பேர் இறந்தார்கள். பயந்துபோய் 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அவற்றில் ஐந்துதான் மூழ்கின. மற்றவை காலியாக மிதந்துகொண்டிருந்தன. நம் நாட்டுக் கடற்படையில் அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி, 2018 செப்டம்பரில் தன்னந்தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் 'துரியா' என்ற சின்னப் படகில் போனார். தெற்கு இந்தியப் பெருங்கடலில் படகு உருண்டு, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு எழுந்து நடக்க முடியாமல் உள்ளேயே கிடந்தார். மூன்றாம் நாள் பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ஒன்று வந்து தூக்கிக்கொண்டது. தேடுகிற விமானத்துக்குப் படகு தெரியும். தண்ணீரில் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான், அலையில் அதுவும் தெரியாது. கடலோரக் காவல்படையைக் கூப்பிட 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093. இரண்டையும் போனில் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். போனை பாலித்தீன் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். ஆனால் கரையிலிருந்து ரொம்ப தூரம் போய்விட்டால் போனில் சிக்னல் கிடைக்காது. 2017-இல் ஒக்கிப் புயலில் அதுதான் நடந்தது. நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலம், 30 காலையில் புயல். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். சொல்ல ஆள் இருந்தது, கேட்க வழி இல்லை. அந்த வாரம் முழுக்க நான் இங்கே ஏரிக்கரையில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வானிலை அறிக்கையில் ஒரு சூட்சுமம் உண்டு. 'அலை 2.5 மீட்டர்' என்றால் எல்லா அலையும் 2.5 என்று அர்த்தமில்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அதன் சராசரியைத்தான் சொல்கிறார்கள். பல மணி நேரத்தில் ஒன்றாவது அதைப்போல இருமடங்குக்குக் கிட்டத்தில் வரும். எங்கள் ஆட்கள் அந்த எண்ணைக் கேட்டதும் மனசுக்குள் இரண்டால் பெருக்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

இனி உங்கள் மகள். எட்டு வயதுப் பிள்ளை ஏரிப் படகில் ஏற மாட்டேன் என்பதைக் கேலி செய்யாதீர்கள், இழுத்துக்கொண்டு போய் ஏற்றவும் செய்யாதீர்கள். அவளிடம் கடலும் ஏரியும் எப்படி வேறு என்று சொல்லலாம். அலை வளரக் காற்றுக்கு ஓட இடம் வேண்டும். கொடைக்கானல் ஏரி மொத்தமே 60 ஏக்கர், அதுவும் நட்சத்திரம் மாதிரி கை கைகளாகப் பிரிந்தது. எவ்வளவு காற்று அடித்தாலும் முழங்கால் உயர அலைகூட எழும்ப இடமில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. அவர் அதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பார்கள். எனக்கு முன்பே எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து மலையேறிய சரக்கு!

ஆனால் ஏரி என்பதால் ஆபத்தே இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். நான் ஒட்டுப் போடும் மிதிபடகுகளில் விரிசல் எங்கே வருகிறது தெரியுமா? அடியில் இல்லை, இருக்கை உடம்போடு சேரும் மூலையில். பழைய 'மேட்'டை, அதாவது ஃபைபர் நார்ப் பாயை, சுரண்டி எடுத்தால் உள்ளே ஒரே திசையில் நார் நாராகப் பிரிந்திருக்கும். ஆள் எழுந்து நின்று செல்பி எடுக்க ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி தொப்பென்று உட்கார்ந்த அடையாளம். பாம்பனில் நீங்கள் செய்தது அதேதான். கடலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். இங்கே மார்கழியில் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உறிஞ்சிவிடும். விழுந்ததும் மூச்சு அடைக்கும். அதனால் ஏரியிலும் மிதவைச் சட்டை மாட்ட வேண்டும், அதுவும் பிள்ளைக்குப் பிள்ளை அளவில். பெரியவர்கள் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் சட்டை மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். மாட்டிய பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை வந்தால் அது அவளுடைய சட்டை இல்லை.

அடுத்த வாரம் ஒரு துடுப்புப் படகு வேலை முடிகிறது. அடியில் இரண்டடிக்கு மேட் மாற்றியிருக்கிறேன், ரெசின் இறுகியதும் தேய்த்துப் பூச வேண்டியதுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் வருவதற்கு முன்னால், வில்பட்டிப் பக்கம் ஒரு விடுதிக் குளத்தில் அதை இறக்கி ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். பூண்டு வேலை இல்லையென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் ஏற வேண்டாம். நான் ஏறிப் போகிறேன், படகுக் கயிற்றின் மறுமுனையை அவள் கரையில் நின்று பிடித்துக்கொள்ளட்டும். அடியிலிருந்து தண்ணீர் கசிந்தால் இரண்டு தட்டுத் தட்டுவேன், இழுத்துவிடச் சொல்லுங்கள்.